தோல் பட்டையில் ரிவெட்டும் பொட்டும் அடிக்க எந்த மெஷின் வாங்குவது?

கேள்வி கேட்டவர் பர்கூர் பக்கத்துக்காரர். வீட்டிலேயே இடுப்பு பெல்ட், நாய்ப் பட்டை, எருதுக்குக் கழுத்துப் பட்டை எல்லாம் செய்கிறார். இத்தனை நாள் சுத்தியலில் அடித்தது போதும், இனி மெஷின் வாங்கலாம் என்றிருக்கிறார். கையால் இழுப்பதா, காலால் மிதிப்பதா, கரண்டில் ஓடுவதா என்பது அவர் கேள்வி. நான் காவேரிப்பட்டணத்தில் பன்னிரண்டு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன்.

மாதம் நூறு, இருநூறு பட்டை என்றால் மேசையில் போல்ட் போட்டு முடுக்கும் கை பிரஸ் போதும். ஆனால் அதைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் எந்த ரிவெட் என்று முடிவு செய்யுங்கள், அடுத்து அதற்குப் பொருந்தும் டை (ரிவெட்டை மேலும் கீழும் அழுத்தும் அச்சு), அதற்கப்புறம் அந்த டை ஏறுகிற மெஷின். நான் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தையும் விட்டேன், பேரையும் கெடுத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். புது மெஷின் வந்த ஜோரில், பொங்கலுக்கு முன்னால் எருது விடும் விழாவுக்காக ஒருவர் சலங்கைப் பட்டை கேட்டார். இரண்டு பக்கமும் குமிழ் மூடி உள்ள ரிவெட் இருக்கிறதே, டபுள் கேப் என்பார்கள், அதையே போட்டுக் கொடுத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. காளையை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்ததுமே சலங்கை வளையம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மறுநாள் காலையில் பட்டையும் கையுமாக வாசலில் நிற்கிறார். "ஏம்ப்பா, மாடு ஓடுறதுக்குப் பட்டை கேட்டேனா, படம் புடிக்கறதுக்குக் கேட்டேனா?" என்றார். பதில் சொல்ல வாயில்லை. தப்பு மெஷினுடையது அல்ல. டபுள் கேப்பில் ஒரு மூடியின் தண்டு இன்னொரு மூடிக்குள் போய் நசுங்கி நிற்கிறது, அவ்வளவுதான் பிடிப்பு. பர்ஸ், பை, பெல்ட் பக்கிள் மடிப்பு ஆகியவற்றுக்கு அது சரி. வெடுக்கென்று இழுபடும் இடத்துக்கு ஆகாது.

பாரம் தாங்க வேண்டிய இடத்தில் குழாய் ரிவெட் போடுங்கள். ஒரு பக்கம் தலை, மறுபக்கம் உள்ளே குழிந்த தண்டு. டை அழுத்தும்போது குழாயின் விளிம்பு வெளிப்பக்கமாகச் சுருண்டு தோலைக் கவ்விக்கொள்ளும். அதைவிட உறுதி வேண்டுமென்றால் செம்பு ரிவெட்டும் வாஷரும் உண்டு. வாஷரை இறக்கி, மிச்சத் தண்டை வெட்டி, சுத்தியலால் தட்டித் தட்டிக் குமிழாக்க வேண்டும். அதற்கு மெஷினே வேண்டாம். நான் இப்போது வளையம் கோக்கும் இடத்தில் மட்டும் செம்பு அடிக்கிறேன், மற்ற இடமெல்லாம் குழாய் ரிவெட்.

அடுத்தது நீளம். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். தோலை அடுக்கிக் கையால் இறுக்கிப் பிடித்து வெர்னியரில் அளக்க வேண்டும். இரண்டு அடுக்கு மூன்றரை மில்லிமீட்டர் தோல் என்றால் மொத்தம் 7. குழாய் ரிவெட்டுக்கு, தண்டின் குறுக்களவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வெளியே நீட்டினால் போதும். 3 மில்லிமீட்டர் தண்டு என்றால் 2 நீட்ட வேண்டும், ஆக 9 மில்லிமீட்டர் ரிவெட். டபுள் கேப் என்றால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும். நீளம் கூடினால் தண்டு உள்ளே கோணிக்கொண்டு தலை சாயும். குறைந்தால் விளிம்பு சுருள இடமிருக்காது, பார்க்க நன்றாக இருந்தாலும் ஒரு வாரத்தில் கழன்றுவிடும். "எல்லாத்துக்கும் இந்த ஒரே சைஸ்தான் சார்" என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். நான் நான்கு நீளம் தனித்தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். துளை தண்டுக்குச் சரியாக இருக்க வேண்டும். "தாராளமாப் போகட்டும்" என்று பெரிய பஞ்ச் போட்டால், ரிவெட் துளைக்குள்ளேயே பிதுங்கிவிடும்.

டை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 8 மில்லிமீட்டர் குமிழ் மூடிக்கு 8 மில்லிமீட்டர் குழிவுள்ள டைதான். தட்டை டையில் வைத்தால் குமிழ் சப்பையாகும். பெரிய குழிவில் வைத்தால் மூடியைச் சுற்றி மோதிரம் போலத் தழும்பு விழும். டையின் திருகு அளவும் மெஷினுக்கு மெஷின் வேறுபடுகிறது. ஆன்லைனில் மெஷின் ஓரிடம், டை வேறிடம் என்று வாங்கி, இரண்டும் ஒட்டாமல் லேத் பட்டறைக்கு நடந்தவன் நான். சென்னை பெரியமேட்டில் தோலும் அதற்கான சாமான்களும் விற்கும் தெருக்கள் இருக்கின்றன. அங்கே போனால் உங்கள் ரிவெட்டில் பத்தைக் கையோடு கொண்டுபோய், கடைக்காரர் கண்ணெதிரே உங்கள் தோலில் அடித்துப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

இனி பொட்டு. பொட்டு என்று நான் சொல்வது, அலங்காரத்துக்கு வரிசையாகப் பதிக்கிற, பின்னால் கூர்க்கால் உள்ள பித்தளை வில்லைகள். இதற்குத் துளை போட வேண்டியதில்லை. மெஷினின் மேல் குழல் பொட்டைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தினால் கால்கள் தோலைக் குத்தி இறங்கி, கீழே உள்ள குழிந்த பட்டடையில் பட்டு உள்பக்கமாக மடங்கும். குரோம் உப்பில் பதனிட்ட மிருதுவான தோலில் இது வெண்ணெயில் கத்தி மாதிரி. மரப்பட்டை போட்டுப் பதனிட்ட கெட்டித் தோல் 4 மில்லிமீட்டர் தாண்டினால் கால்கள் பாதியிலேயே மடங்கிவிடுகின்றன. அப்போது குத்தூசியால் முன்கூட்டியே சின்னக் குத்து வைத்துக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை. காலின் நீளம் தோலின் கனத்தைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் உள்பக்கம் மெல்லிய தோல் ஒட்டித் தையல் போடுங்கள். மடங்கிய கால்முனை மாட்டுக் கழுத்தில் உரசினால் இரண்டு நாளில் புண். அழகுக்குப் பொட்டு வைத்துவிட்டு வாயில்லா ஜீவனைப் படுத்தக் கூடாது.

கையா காலா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். கை பிரஸ்ஸில் ஒரு கை பிடியை இழுக்கும், மறு கைதான் தோலைப் பிடிக்க வேண்டும். ரிவெட்டுக்கு அது பரவாயில்லை. ஆனால் நாற்பது, ஐம்பது பொட்டு நேர்கோட்டில் வைக்கும்போது இரண்டு கையும் வேண்டும். தோலில் பென்சில் கோடு போட்டு, காம்பஸால் இடைவெளி குறித்து, இரண்டு கையாலும் பிடித்துக் காலால் மிதித்தால்தான் வரிசை கோணாது. அதனால் பொட்டு வேலை அதிகம் என்றால் கால் மெஷின். கரண்ட் மெஷின் ஒரே அளவு ரிவெட்டை ஆயிரக்கணக்கில் அடிப்பவர்களுக்கு. விரல் போனால் திரும்பி வராது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதை நினைத்தே பார்க்காதீர்கள். வாய் ஆழத்தையும் பாருங்கள், அதாவது டையின் நடுவிலிருந்து பின்சட்டம் வரை உள்ள இடைவெளி. பட்டைக்கு அது பிரச்சினையில்லை. பையின் நடுப்பகுதியில் ரிவெட் வைக்க ஆசைப்பட்டால் சின்ன மெஷினில் டை அந்த இடத்துக்கு எட்டாது.

என் கால் மெஷின் பழையது. வாணியம்பாடியில் ஒரு செருப்புப் பட்டறையை மூடியபோது வாங்கினேன். பழசு வாங்கினால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், மேல் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் டை நடுவில் இறங்காது. இரண்டு டைக்கும் நடுவே ஒரு வெள்ளைத்தாளை வைத்து மெதுவாக அழுத்துங்கள். விழும் வட்டம் எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தமாக இருந்தால் ரிவெட் எல்லாம் சாய்ந்துதான் விழும். இறங்கும் ஆழத்தை நிறுத்தும் திருகு இருக்கிறதா என்பதும் முக்கியம். அது இல்லாவிட்டால், கோபமாக இருக்கும் நாளில் அடித்தது ஒரு மாதிரி, சாப்பிட்டுவிட்டு வந்து அடித்தது ஒரு மாதிரி இருக்கும். சுருண்ட விளிம்பு பூ மாதிரிப் பிளந்திருந்தால் ஒன்று அழுத்தம் அதிகம், இல்லை ரிவெட் நீளம் அதிகம்.

கடைசியாக, ரிவெட் வாங்கும்போது காந்தம் கொண்டுபோங்கள். பித்தளை என்று கொடுப்பது பல சமயம் முலாம் பூசிய இரும்புதான், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலில் ஈரத்தோடு இரும்பு பட்டால் கருநீலக் கறை பிடிக்கும். அந்தக் காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய அதே சங்கதிதான். பெல்ட் போடுபவரின் வியர்வை ஒன்றே போதும், ஒரே கோடையில் ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் கரு வட்டம். லேசான கறை என்றால் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் எண்ணெய் பூசினால் மங்கும், ஊறிப்போனால் போகாது. ஆகவே மரப்பட்டையில் பதனிட்ட தோலுக்குப் பித்தளை அல்லது செம்பு மட்டும். விலை கூடத்தான் செய்யும்.

அந்தச் சலங்கைப் பட்டைக்காரருக்குச் செம்பு ரிவெட்டில் வேறு பட்டை செய்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. போன வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி சந்தையில் பார்த்தேன். பட்டை இருக்கிறதாம், காளையைத்தான் விற்றுவிட்டாராம்.