புதிய விமான ஓடுபாதை அமைக்கும்போது மண் தரும் பெரிய சவால் எது?

பலரும் விமானத்தின் எடை என்பார்கள். எடைக்குக் கணக்கு உண்டு. கான்கிரீட்டையும் அடியடுக்குகளையும் தேவைக்கேற்பத் தடிமனாக்கினால் தாங்கும். மண் பொறியாளராக நான் அதிகம் கவலைப்படுவது சீரற்ற அமிழ்வைப் பற்றித்தான். 3 கிலோமீட்டர் பாதையும் ஒரே சீராகப் 10 சென்டிமீட்டர் இறங்கினால் பெரிய பாதகமில்லை. சில பத்து மீட்டருக்குள் ஓரிடம் இறங்கி, பக்கத்து இடம் அப்படியே நின்றால் பாதை அலைபோல் ஆகிவிடும். காரில் போகிறவருக்கு அது தெரியவே தெரியாது. மணிக்கு 250 கிலோமீட்டரில் ஓடும் விமானம் குலுங்கும்.

எங்கே இப்படி ஆகும்? மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிய இடத்தில், வெட்டிய பகுதியும் நிரப்பிய பகுதியும் சந்திக்கும் கோட்டில். பழைய ஓடையோ குளமோ மண்ணுக்கடியில் மறைந்திருக்கும் இடத்தில். அப்புறம், ஓடுபாதைக்குக் கீழே மழைநீர்க் கல்வெர்ட், அதாவது மூடிய கால்வாய், கடக்கும் இடம். அதைப் பைல் எனும் ஆழத் தூண்கள் போட்டு நிறுத்தினால் அது அசையாது, இருபக்க மண் மட்டும் இறங்கும், நடுவில் மேடு தெரியும்.

சதுப்பிலும் கடலோரத்திலும் இருக்கும் மென்களிமண்தான் எல்லாவற்றையும்விடப் பொறுமையைச் சோதிக்கும். அதிலுள்ள நீர் வெளியேறினால்தான் மண் இறுகும். நீரோ மிக மெதுவாகத்தான் நகரும். நீர் கடக்கும் தூரத்தைப் பாதியாக்கினால் நேரம் ஏறத்தாழ நாலில் ஒன்றாகும். அதனால் நீர் வெளியேற வழிவிடும் செங்குத்து வடிகால்களை நெருக்கமாக இறக்கி, எடை அழுத்தி நீரைப் பிழிய மேலே மண்ணை மலையாகக் குவித்து மாதக்கணக்கில் விடுகிறோம். மண் எவ்வளவு இறங்கியது என்று காட்டப் பதித்த அமிழ்வுத் தகடுகளின் அளவீட்டை வரைந்து பார்த்தால், வளைகோடு செங்குத்தாக இறங்கி மெல்லத் தட்டையாகும். தட்டையாகும் முன்பே குவியலை எடுக்கச் சொல்லி நெருக்கடி வரும். அந்த இடத்தில் பொறியாளர் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஜப்பானின் கன்சாய் விமான நிலையம் 1994இல் செயற்கைத் தீவில் திறக்கப்பட்டது. மேல்களிமண்ணை மணல் வடிகால்கள் கொண்டு இறுக்கினார்கள். அதற்கும் கீழே வெகு ஆழத்தில் உள்ள களிமண்ணுக்கு வடிகால் எட்டவில்லை. கட்டத் தொடங்கியதிலிருந்து தீவு 10 மீட்டருக்கும் அதிகமாக இறங்கிவிட்டது, இன்னும் இறங்குகிறது. முனையக் கட்டடத்தின் தூண்களை ஜாக்கி வைத்து உயர்த்திச் சமன்செய்யும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்திருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் களிமண்ணும், நிலநடுக்கத்தில் குழம்பாகும் தளர்ந்த மணலும் வேறு சிக்கல்கள். முன்னதைத் தோண்டி மாற்றலாம் அல்லது சுண்ணாம்பு கலந்து நிலைப்படுத்தலாம். பின்னதை அதிர்வு கொடுத்து இறுக்கலாம். இரண்டுக்கும் துளையாய்வு, அதாவது நிலத்தைத் துளையிட்டு அடிமண்ணைச் சோதிப்பது, முதலிலேயே நெருக்கமாக நடந்திருக்க வேண்டும்.