19 புள்ளி கார்டா, 12 புள்ளி கார்டா?

கூடைப்பந்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 19 புள்ளி எடுப்பவர், 12 எடுப்பவர், இவர்களில் யார் நல்ல கார்டு (guard, பந்தை நகர்த்தி ஆட்டத்தை அமைக்கும் வீரர்) என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். வேகமாக ஓடும் அணிக்கு அதற்குள் 75 முறை பந்து கிடைக்கும், நிதானமான அணிக்கு 60 முறைதான். அதனால் 100 வாய்ப்புக்கு எத்தனை புள்ளி என்று பாருங்கள். அப்புறம், கூடையை நோக்கி எத்தனை எறிதலில் எடுத்தார்? 18 எறிந்து 19 எடுப்பதைவிட 8 எறிந்து 12 எடுப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் அவரிடம் 18 எறிதலைக் கொடுத்தால் இதே திறன் நிற்குமா என்பது வேறு கேள்வி.

எண்ணில் சிக்காததும் உண்டு. 2008 நவம்பரில் டேவிட்சன் கல்லூரி அணியின் ஸ்டீஃபன் கரியை லொயோலா மேரிலாண்ட் கல்லூரி அணி ஆட்டம் முழுக்க இரண்டு பேரை வைத்து மறித்தது. அவர் எடுத்தது சுழியம். அவர் மூலையில் போய் நிற்க, மற்ற நால்வர் மூவரை எதிர்த்து ஆடினார்கள். டேவிட்சன் 78-48 என ஜெயித்தது! அந்த சீசனில் சராசரி 28.6 எடுத்து நாட்டிலேயே முதலிடம் பிடித்தவரும் அவர்தான்.

தற்காப்புக்கு ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எறிந்த பந்தைத் தடுப்பது) எண்ணிக்கையை நம்பாதீர்கள். இருவரின் இரண்டு மூன்று ஆட்டங்களை முழுசாகப் பாருங்கள், முக்கியமாகப் பந்து கையில் இல்லாத நேரத்தில்.