திட்டினால் உறைக்காத பிள்ளையா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. நான்காம் வகுப்பு. ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவு மிகைச்செயல்பாடு இருப்பதாகச் சென்ற ஆண்டு மனநல மருத்துவர் சொன்னார். வகுப்பில் எல்லோர் முன்னாலும் டீச்சர் திட்டினாலும், பரீட்சைக்கு முதல் நாள் நான் அழுதாலும், எருமை மாட்டின் மேல் மழை பெய்ததுபோல நிற்கிறான். டியூஷன் முடிந்து வீடு திரும்பவே எட்டு மணி ஆகிறது. ‘கார்டிசால் பரிசோதனை செய்து பார், இவனுக்குப் பயமே கிடையாதா என்று தெரிந்துவிடும்’ என்கிறார் என் நாத்தனார். செய்யலாமா டாக்டர்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பிள்ளையின் கையில் இதற்காக ஊசி குத்தாதீர்கள்.

கார்டிசால் என்பது நெருக்கடி நேரத்தில் உடலில் கூடும் ஹார்மோன். சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் சுரக்கிறது. நெருக்கடி என்று மூளை உணர்ந்தால், அதன் ஒரு பகுதியான ஹைபோதலாமஸ், அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி அட்ரினலைத் தூண்டும். நெருக்கடி தொடங்கி ஏறக்குறைய அரை மணி நேரத்தில்தான் கார்டிசால் அளவு உச்சத்துக்கு வரும். நெருக்கடியே இல்லாத நாளிலும் காலையில் கூடுதலாகவும் நள்ளிரவில் மிகக் குறைவாகவும் இருக்கும். லேபில் ஒரு காலைப்பொழுதில் எடுக்கும் ரத்தம் அட்ரினல் நோய்களைக் கண்டுபிடிக்க உதவும். உங்கள் மகனின் மனதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

நாத்தனார் சொன்னதற்கு ஓர் அடிப்படை உண்டு. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசவைத்து, மனக்கணக்குப் போடவைத்து, உமிழ்நீரில் கார்டிசாலை அளக்கும் முறையை ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்டார்கள். இதுபோன்ற சோதனைகளில், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளுக்குக் கார்டிசால் மற்றவர்களைவிடக் குறைவாகவே ஏறியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. முரண்டு பிடிக்கும் சுபாவமும் சேர்ந்தவர்களிடம் இது கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. பதற்றம் மிகுந்த பிள்ளைகளிடம் நேர்மாறாகவும் இருந்திருக்கிறது. வித்தியாசமே காணாத ஆய்வுகளும் உண்டு. இவையெல்லாம் கூட்டத்தின் சராசரி. அதை வைத்து ஒரு பிள்ளையை எடைபோட முடியாது.

என்னை வருத்துவது உங்கள் கடிதத்தில் உள்ள எருமை மாடுதான். கார்டிசால் குறைவாக ஏறினாலும் மனம் வலிக்கும். என் அறையில் கல்லாக நின்ற பிள்ளைகள், அம்மா வெளியே போனதும் டீச்சர் சொன்ன வார்த்தைகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு உணர்ச்சி மற்றவர்களைவிட வேகமாகவே பொங்கும்.

அடுத்த மாதப் பரீட்சையைச் சொல்லிப் பயமுறுத்துவது இவர்களிடம் எடுபடாது. உடனே கிடைக்கும் சிறிய பலன் எடுபடும். பக்கத்தில் போய், முகம் பார்த்து, ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். பத்து நிமிடம் எழுதியதும் பாராட்டிவிட்டு எழுந்திருக்க விடுங்கள். அந்த டியூஷனை நிறுத்திவிடுங்கள். பகல் முழுக்க வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு மாலையில் ஓடியாட இடம் வேண்டும், மொட்டை மாடியானாலும் போதும். இரவுத் தூக்கம் குறையவே கூடாது. மருந்து கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எல்லோர் முன்னாலும் திட்ட வேண்டாம், முன் பெஞ்சில் உட்காரவையுங்கள் என்று டீச்சரிடம் நேரில் போய்க் கேளுங்கள். மகனைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.