சளிக்கும் ஃப்ளூவுக்கும் என்ன வித்தியாசம்? ஆன்டிபயாடிக் போட்டால் சீக்கிரம் சரியாகுமா?

வடபழனி பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் கவுண்டரில் ஓயாமல் கேட்கும் வசனம், "அண்ணா, சளி காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க, கூடவே அசித்ரோமைசின் ஒரு ஸ்ட்ரிப்."

அசித்ரோமைசின் ஒரு ஆன்டிபயாடிக். அதனால் கேள்வியின் பின்பாதிக்கு முதலில் பதில்: ஆகாது. சளி, ஃப்ளூ ரெண்டுமே வைரஸால் வருபவை, ஆன்டிபயாடிக் வேலை செய்வது பாக்டீரியாவிடம். சளி பச்சையாகிவிட்டதே என்பார்கள். நம் உடம்பின் வெள்ளை அணுக்கள் சண்டை போடுவதால் வரும் நிறம் அது, அதை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தேவை என்று முடிவு கட்ட முடியாது. போன தடவை போட்டு மூன்றே நாளில் சரியாகிவிட்டது என்பவர்களுக்குப் போடாமல் இருந்தாலும் சரியாகியிருக்கும்.

சாதாரண சளி மெதுவாகத்தான் வரும். தொண்டை கரகரக்கும், தும்மல், மூக்கு ஒழுகல், பெரியவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாக இருக்காது, ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். ரைனோ வைரஸ் தொடங்கி இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ்கள் இதைக் கொண்டுவரும் என்பதால் திரும்பத் திரும்பவும் வரும். ஃப்ளூ அப்படியில்லை, காலையில் நன்றாக ஆபீஸ் போனவர் சாயங்காலம் 102 டிகிரியோடு போர்வைக்குள் கிடப்பார், கை கால் எல்லாம் அடித்துப் போட்டாற்போல வலிக்கும், வறட்டு இருமல் வேறு. இதற்கு ஓசல்டமிவிர் என்ற மருந்து உண்டு, ஆனால் டாக்டர் எழுதித்தர வேண்டும், அதுவும் முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். வீட்டில் வயதானவர், கர்ப்பிணி, சுகர், ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

சென்னையில் இன்னொரு சிக்கல், இதே சீசனில்தான் டெங்குவும் சுற்றும். சளி, இருமல் இல்லாமல் காய்ச்சல் மட்டும் கொளுத்துகிறது, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை புரூஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை எதுவும் வேண்டாம்.

நான் தினமும் பார்த்து வயிற்றெரிச்சல் படும் விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சலுக்கு டோலோ 650 வாங்குவார்கள், அதில் இருப்பது பாரசிட்டமால் 650 மில்லிகிராம், சளிக்கு இன்னொரு மாத்திரை வாங்குவார்கள். அந்தச் சளி மாத்திரையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பொடி எழுத்தைப் பாருங்கள், பலவற்றில் அதே பாரசிட்டமால் 325 அல்லது 500 மில்லிகிராம் இருக்கும். ரெண்டையும் சேர்த்து மூன்று நான்கு வேளை விழுங்கினால், பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பான 4 கிராமை நெருங்கிவிடும், சில சமயம் தாண்டியும்விடும், தாண்டினால் ஈரலுக்குக் கேடு. குழந்தைக்கு எடை பார்த்து டாக்டர் சொல்லும் அளவுதான், பக்கத்து வீட்டுக் குழந்தையின் சிரப் கணக்கு ஆகாது. குளோர்ஃபெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று 2023 கடைசியிலேயே மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி சொல்லிவிட்டார். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கைவைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை. மிளகு ரசம், கஞ்சி, உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு எல்லாம் இதமாக இருக்கும். தேன் இருமலுக்கு நல்லது, ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் கூடாது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களோடு இருக்கட்டும், கொதிக்கும் பாத்திரத்துக்கு முன்னால் குழந்தையை உட்கார வைக்காதீர்கள், தட்டிவிட்டால் சுட்டுவிடும்.

மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்காவிட்டாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ கடைக்கு வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக, வராமல் தடுக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். மழையில் நனைவதால் வைரஸ் வராது, இருமியவர் பக்கத்தில் நின்றதாலோ அவர் தொட்டதைத் தொட்டு மூக்கைத் தேய்த்ததாலோதான் வரும், எனவே சோப்பும், இருமும்போது மாஸ்க்கும். ஃப்ளூவுக்கு ஊசி இருக்கிறது, 6 மாதக் குழந்தை முதல் போடலாம். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் வருடாவருடம் போட வேண்டும், உடம்பில் வேலை செய்ய ரெண்டு வாரம் பிடிக்கும், ஆகவே செப்டம்பரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சாதாரண சளிக்கு ஊசி கிடையாது.