பராபவ வருஷம் எந்த வருஷம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு தெருக்கூத்துப் பாட்டுப் புத்தகம் கிடைத்தது. முகப்பில் ‘பராபவ வருஷம் ஆவணி மாதம், விலை அணா 4’ என்றிருக்கிறது. ஆங்கில வருஷம் இல்லை. கடைசிப் பக்க எண் 46. எத்தனை வருஷப் பழசு? நூலகத்தில் வாங்கிக்கொள்வார்களா? – ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: அறுபது வருஷச் சுற்றில் பராபவ நாற்பதாவது. 1846, 1906, 1966 மூன்றுமே பராபவதான். ஆவணி என்பதால் அதே வருஷம் ஆகஸ்ட்–செப்டம்பர். மாசி, பங்குனி என்றிருந்தால் ஒரு வருஷம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது விலை. இந்தியாவில் 1957 ஏப்ரலில் ரூபாய்க்கு நூறு காசு என்ற கணக்கு வந்துவிட்டது. அணா போட்ட புத்தகம் 1966 ஆக இருக்காது. மீதி இரண்டில் எது என்பதைத் தாள் சொல்லும். 1846இல் தாள் கந்தல்துணிக் கூழில் செய்தது. இன்றைக்கும் வளைந்து கொடுக்கும். மரக்கூழ்த் தாள் பிற்பாடுதான் பரவியது. அதிலுள்ள அமிலத்தால் ஓரம் பழுத்து, மூலை உதிரும். சோதிக்கிறேன் என்று மூலையை மடித்துவிடாதீர்கள். பெட்டியில் பழுப்புத் துகள் கிடந்தாலே போதும், 1906 என்று கொள்ளலாம்.

எண் 46இல் நிற்பது எனக்கு உறுத்துகிறது. இந்த மாதிரிச் சிறு புத்தகங்களில் ஓர் அச்சுத்தாளை மடித்தால் 8 அல்லது 16 பக்கம் வரும். 48இல் முடிந்திருக்க வேண்டும். கடைசி ஏடு ஒன்று போயிருக்கலாம். பெட்டியை இன்னொரு முறை பாருங்கள், துண்டுத்தாளையும் எறியாதீர்கள்.

நூலகத்தில் நிச்சயம் மதிப்பார்கள். டர்பனில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுத்துலி ஆவண மையத்தை முதலில் கேளுங்கள். நேரே கொண்டுபோகாமல் முகப்பையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். புது அட்டை போட வேண்டாம், ஓரம் வெட்ட வேண்டாம். கடை முத்திரை, பென்சிலில் எழுதிய பெயர், பாட்டுக்குப் பக்கத்தில் யாரோ போட்ட தாளக் குறிப்பு, இவைதான் இந்தப் பிரதியை மற்றப் பிரதிகளிலிருந்து பிரித்துக் காட்டும். தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார், எந்தக் கோயில் திருவிழாவில் ஆடினார் என்பதைத் தனித் தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால், ஸ்கேன் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்களா என்று கேட்கலாம்.

கேள்வி: பழைய கோயில் விழா நோட்டீஸ்களில் பூஞ்சை பிடித்திருக்கிறது, கிழிசலில் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. என்ன செய்வது? – ஒரு வாசகி, டொங்காட்

பதில்: டேப்பைத் தொடாதீர்கள். அதன் பசை தாளுக்குள் இறங்கியிருக்கும். இழுத்தால் எழுத்தும் சேர்ந்து வரும். அதைத் தாள் பராமரிப்புப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

பூஞ்சையை உடனே துடைக்கவும் கூடாது. ஈரமாக இருக்கையில் தேய்த்தால் கறை நாருக்குள் போய்விடும். பிடித்தவற்றைக் காகிதப் பையில் தனியே பிரித்து வையுங்கள். பிளாஸ்டிக் பை ஈரத்தை அடைத்துவைக்கும். நிழலில், காற்றோட்டமாகப் பரப்பி, பொடியாக உலர்ந்தபின் முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் தாள் இன்னும் பழுக்கும். டர்பன் கரையோரக் காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சை திரும்ப வரும். ஆகவே வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் தரையும் வேண்டாம்.

கேள்வி: காந்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் தமிழ்ப் பக்கமும் வந்ததாமே, பார்க்க முடியுமா? – ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வந்தது. 1903 ஜூனில் டர்பனில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழியில் தொடங்கியது. 1904 கடைசியில் அச்சகம் டர்பனுக்குப் பக்கத்திலுள்ள பீனிக்ஸ் குடியிருப்புக்குப் போயிற்று. 1906 தொடக்கத்தில் தமிழும் இந்தியும் நின்றன. ஆகவே அந்த மூன்று வருஷ இதழ்களைத்தான் முதலில் தேட வேண்டும். சபர்மதி ஆசிரமத்தின் காந்தி ஹெரிட்டேஜ் போர்ட்டல் என்ற இணையதளத்தில் படங்களாகப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் சொல் கொடுத்துத் தேடினால் தமிழ்ப் பக்கம் அகப்படாது. இதழ் இதழாகப் புரட்டி, தேதியையும் பக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.