பெரியப்பாவின் பகிடி

அன்புள்ள ஐயா,

வன்னியில், முத்தையன்கட்டில் வயல் செய்த எங்கள் பெரியப்பாவிடம் ஒரே ஒரு பகிடிதான் உண்டு. வழுக்கைத் தலையரான அவரும் ஒரு வாத்தியாரும் ஒரு சலூன்காரரும் இரவில் வயல் காவலுக்குப் போகிறார்கள். முறை வைத்து விழித்திருப்பதாக ஏற்பாடு. முதல் முறைக்காரரான சலூன்காரர், பொழுது போகாமல், தூங்கும் வாத்தியாரின் தலையை மழித்துவிடுகிறார். நேரம் வந்ததும் எழுப்புகிறார். வாத்தியார் தலையைத் தடவிப் பார்த்து, “மடையன், என்னை எழுப்பாமல் வழுக்கையரை எழுப்பிவிட்டான்” என்கிறார். கண்முன் நடந்தது என்று பெரியப்பா சத்தியம் செய்வார். பிள்ளைகள் அவர் வாயைத் திறக்கும்போதே முடிவைச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் 2009இல், போரில் இடம்பெயர்ந்து தங்கியிருந்த செட்டிகுளம் முகாமில் இதே பகிடிக்கு நாங்கள் எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். கேட்டுப் புளித்ததற்கு அங்கே எப்படிச் சிரிப்பு வந்தது?

வாசகர், ஒட்டுசுட்டான்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியப்பாவின் காதில் போட்டுவிடாதீர்கள்: அந்தக் காவல் முத்தையன்கட்டில் நடக்கவில்லை. ‘பிலோகெலோஸ்’ என்று கிரேக்க மொழியில் ஒரு பகிடித் தொகுப்பு இருக்கிறது. வயது ஏறத்தாழ 1500 ஆண்டுகள். அதில் சுமார் 265 பகிடிகள். உங்கள் பெரியப்பாவின் பகிடியும் அதில் இருக்கிறது. அங்கேயும் ஒரு வழுக்கையர், ஒரு முடி திருத்துபவர், படித்தும் புத்தி வராத ஒருவர். அவர்கள் காத்தது பயண மூட்டைகளை. வன்னிக்கு வந்ததும் மூட்டை வயலாகிவிட்டது. இங்கே பன்றியும் யானையும் இருக்கும்போது மூட்டையை யார் காப்பார்கள்? தலையை மழிக்கும்போதே விழிக்காதவரைக் காவலுக்கு யார் சேர்த்தார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

புளித்துப்போனது என்ற முறைப்பாடும் பழையதுதான். ஜோ மில்லர் என்ற நடிகர் 1738இல் லண்டனில் இறந்தார். மறு ஆண்டே அவர் பெயரில் ஒரு பகிடிப் புத்தகம் வந்தது. அது விற்ற விற்பனையில், கேட்டுச் சலித்த பகிடிக்கே அந்த ஊரில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பாவம், அவர் எழுதிய புத்தகம்கூட இல்லை அது.

முகாமுக்கு வருகிறேன். உங்கள் வீட்டார் அங்கே சிரித்தது பகிடிக்காக இருக்காது. பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்கள் வேறு ஊர்க்காரர்கள். வாத்தியாரின் தலை மழிக்கப்பட்டது அவர்களுக்குத் தெரியாது. பெரியப்பா உள்ளங்கையைப் பிடரியிலிருந்து நெற்றிவரை மெதுவாக இழுத்துவரும்போது நீங்கள் பார்த்திருக்கக்கூடியது அவர்கள் முகத்தைத்தான். தெரிந்த பகிடியின் ருசி, தெரியாத ஒருவர் பக்கத்தில் இருப்பதில் இருக்கிறது. அவர் முழிப்பதும், பிறகு பிடிபடுவதும், அதற்குள் நமக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் போவதும்! வீட்டில் அப்படி ஒருவரும் மிச்சமில்லை. பிள்ளைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஆகவே வெளியிலிருந்து ஆள் பிடியுங்கள். மகளின் பள்ளித் தோழிகள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மருமக்கள், தண்ணீர் மோட்டார் திருத்த வந்தவர், யாரானாலும் சரி. தேநீர் கொடுத்து உட்கார வையுங்கள். பிள்ளைகளிடம் ஒரே ஒரு நிபந்தனை: முடிவைச் சொல்லக் கூடாது. கைபேசியில் பதிவு செய்வதானால் பெரியப்பாவை விட்டுவிட்டு, கேட்கிறவரின் முகத்தை எடுங்கள்.

ஒரு சந்தேகம். பெரியப்பாவுக்கு உண்மையிலேயே வழுக்கையா, அல்லது பகிடிக்காக ஒப்புக்கொண்டதா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.