கல்லைப் போலத் தோன்றும் தலைப்புப் பக்கம்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் ஷார்ல் மெரியோன் வெளியிட்ட, பாரிசைக் காட்டும் எச்சிங் (உலோகத் தகட்டு அச்சோவியம்) தொகுதியின் தலைப்புப் பக்கத்தை ஒரு நூலில் கண்டேன். நகரக் காட்சி எதுவும் அதில் இல்லை. உடைந்த கல்வெட்டு போலவே இருக்கிறது. அது கல்லிலிருந்து எடுத்த மைப்படியா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: மைப்படி அன்று. 1852ஆம் ஆண்டு மெரியோன் செப்புத் தகட்டில் உருவாக்கிய எச்சிங் அது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சிதறால் மலையின் வட்டெழுத்துக் கல்வெட்டைக் கொண்டே இந்த வேறுபாட்டை விளக்கிவிடலாம். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பவர்கள் நனைத்த தாளைப் பாறைமீது ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி தூரிகையால் தட்டிய பிறகு மேற்பரப்பில் மையை ஒற்றுவார்கள். பள்ளத்தில் மை படியாததால் எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கறுப்பாகவும் நிற்கும். எச்சிங்கில் இது தலைகீழ். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரித்த பிறகு, அந்தப் பள்ளத்தில் மட்டும் மையை நிறுத்தி, ஈரத்தாளை வைத்து அச்சு உருளையில் அழுத்துவார்கள். எழுத்து கறுப்பாக வரும். தகட்டின் முகத்தோடு தாள் முகம் சேர்வதால் எல்லாம் இடவலம் மாறிவிடும். ஆகவே, நீங்கள் நேராக வாசித்த அந்தத் தலைப்பின் ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பித்தான் தகட்டில் எழுதியாக வேண்டும். அந்தக் கைப்பக்குவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

ஏன் கல் என்பதே உங்கள் கேள்வியின் உயிரான பகுதி. அவர் வரைந்திருப்பது ஏதோ ஒரு கல் அன்று; பழைய உயிர்களின் தடம் பதிந்த சுண்ணாம்புக் கல். நோத்ர் தாம் பேராலயம் உட்படப் பாரிசின் பழைய கட்டடங்கள் பல, அந்நகரத்தின் அடியிலும் சுற்றுப்புறத்திலும் வெட்டியெடுத்த, கடற்சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லால் எழுந்தவை. ஆகவே கட்டடங்களைக் காட்டும் தொகுதியின் வாசலில், அவற்றைத் தாங்கும் கல்லையே அவர் வைத்திருக்கிறார் என்று கொள்வதே பொருத்தம். அந்தப் பக்கம் உருவான மறு ஆண்டே ஓஸ்மான் பாரிஸ் அடங்கிய செய்ன் மாவட்டத்தின் ஆட்சியராகப் பொறுப்பேற்று, பழைய தெருக்களை இடித்து அகலச் சாலைகள் அமைக்கும் பெரும்பணி தொடங்கியது. மெரியோன் கடற்படையில் பணியாற்றியவர்; நிறங்களைப் பிரித்தறியும் பார்வை இல்லாததால் வண்ண ஓவியத்தை விட்டுக் கறுப்புக் கோட்டுக்கு வந்தவர்.

மூல அச்சுப் பிரதியைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் தாளின் ஓரத்தைக் கவனியுங்கள். தகட்டின் விளிம்பு அழுத்திய பள்ளம் படத்தைச் சுற்றிச் சட்டம்போல ஓடும். நூலில் அச்சான படத்தில் அந்தப் பள்ளம் இராது.